புவனகிரிப் பாறையும் எவரெஸ்டுச் சிகரமும்

நடத்தல் இருவகைப்படும். வயிற்றின் பொருட்டு நடப்பது ஒன்று. மனத்தின் பொருட்டு நடப்பது மற்றொன்று. நம் முன்னோர் முன்னதில் வல்லவர்கள். அறுவடைக் காலத்தில் ஊர்விட்டு ஊர் நடந்தனர். பஞ்சக் காலத்தில் கப்பல் துறை நோக்கி நடந்தனர். இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, மூட்டையும் குழந்தையும் சுமந்து, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. உலகத்தின் கொடிய நெடுவழிகளை எண்ணப் புகுவோர் இவ்வழியையும் சேர்த்து எண்ணவேண்டும். ஆயினும் எந்த மலையேற்ற நூலிலும் அதற்கு இடமில்லை.

இரண்டாவது வகை நடையைப் பற்றியதே இம்மாதப் பாடம். ஒருவர் கூலிக்காகவும் அன்று, கட்டாயத்தாலும் அன்று, தாமே விரும்பி நெடுந்தொலைவு நடப்பதும் மலை ஏறுவதும் எவ்வாறு நிகழ்கின்றன? அதற்கு வேண்டுவன யாவை? அவை நம்மவர்க்கு எப்போது கிடைத்தன?

அத்தகைய வழிகள் உலகில் பல. ஜப்பானியரின் ஷிகோகுத் தீவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றிவரும் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுடையது. இன்றும் வெள்ளுடை அணிந்து கோலூன்றி அதனை நடந்து முடிப்போர் உளர். கயிலை மலையைச் சுற்றிவரும் வழி 52 கிலோமீட்டர்தான். ஆயினும் அதன் கணவாய் 5,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் வழி 1937-ல் முழுமை பெற்றது. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நடைக்கு நம் சமயத்திலும் பஞ்சமில்லை. பகவன் புத்தர் 45 ஆண்டுகள் கால்நடையாகவே அறம் உரைத்தார். சீனத்துத் துறவி யுவான் சுவாங் பாலையும் பனிமலையும் கடந்து வந்து, நாலந்தாவில் பயின்று, கிருஷ்ணைக் கரையின் தான்யகடகத்தையும் கண்டு, 640-ஐ ஒட்டிய காலத்தில் நம் காஞ்சி வரையிலும் வந்தார்.

இப்பயணங்கள் அனைத்துக்கும் பொதுவாகிய நிபந்தனைகள் மூன்று உண்டு. வழி திறந்திருக்கவேண்டும். வழியில் நீர் கிடைக்கவேண்டும். நடப்பவர்க்கு, அன்றைய கூலியை இழந்தால் அடுப்பெரியாது என்னும் நிலை இருத்தலாகாது. இவற்றுள் முதலிரண்டும் எல்லார்க்கும் இயற்கை தந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று என்பதற்குப் பழைய ஐதராபாத் இராச்சியத்திலேயே ஒரு சான்று உளது.

தௌலதாபாத்துக் குளம்

1934-ல் டாக்டர் அம்பேத்கரும் அவர்தம் இயக்கத் தோழர்கள் முப்பதின்மர் அளவினரும் ஓர் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வேரூள் எனப்படும் எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் காண்பதே நோக்கம். அவுரங்காபாத்தைச் சூழ்ந்த அப்பகுதி அந்நாளில் நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டது. வழியில் தௌலதாபாத்துக் கோட்டையையும் பார்க்க விரும்பினர். கூம்பு வடிவாய் ஏறத்தாழ 200 மீட்டர் எழுந்து நிற்கும் குன்று அது, பழைய தேவகிரி. ஏறிப் பார்க்கத் தகுந்ததுதான்.

அது ரமலான் நோன்புக் காலம். கோட்டை வாயிலுக்கு வெளியே நீர் நிரம்பிய ஒரு குளம். வழிப்புழுதி படிந்திருந்தமையால் தோழர்களிற் சிலர் முகமும் கைகால்களும் கழுவிக்கொண்டு வாயிலை அணுகினர். அதற்குள் நரைத்த தாடியுடைய முதியவர் ஒருவர், தீண்டத்தகாதார் குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டனர் எனக் கூவிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் திரண்டது, வசைமொழி பொழிந்தது, அடிதடி நிகழும் நிலை எய்தியது. தீண்டப்படாதான் ஒருவன் உங்கள் மதத்திற் சேர்ந்தால் அப்பொழுதும் நீரைத் தடுப்பீரோ என்று அம்பேத்கர் வினவினார். விடை வரவில்லை. இறுதியில் கோட்டைக்குட் செல்ல இசைவு கிடைத்தது. ஆனால் உள்ளே எங்கும் நீரைத் தொடலாகாது என்பது கட்டளை. அதனைக் காக்க ஆயுதந்தாங்கிய காவலன் ஒருவனும் உடன் அனுப்பப்பட்டான்.

இதனை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். ஒரு சமயத்தாரை இகழ்வதற்காக இங்கு எடுத்துக்காட்டினோமில்லை. சாதியென்னும் நோய் ஒரு மதிலுக்குள் அடங்கி நில்லாது என்பதற்கே காட்டினோம். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் பெற்ற ஒருவர், ஒரு குன்றைச் சுற்றிப் பார்க்கத் துப்பாக்கிக் காவல் வேண்டியிருந்தது. எதன் பொருட்டு? அவருடைய உயிரைக் காக்கவன்று. நீரை அவரிடமிருந்து காக்க.

அவர் அதற்குச் செய்த மறுமொழி கவனிக்கத்தக்கது. 1950-ல் அக்கோட்டைக்கு அணித்தாகிய அவுரங்காபாத்திலேயே அவருடைய மக்கள் கல்விக் கழகம் ஒரு கல்லூரியை நிறுவிற்று. மிலிந்தர் என்னும் அரசர் பெயர் அதற்கு இடப்பட்டது. 1953 ஜனவரி 12-ல் ஐதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. மலைக்கான வழியும் பள்ளிக்கூடத்தின் வாயில் வழியாகவே செல்லுகின்றது என்பதற்கு இனிக் கூறப்போகும் செய்தியே சான்று.

புவனகிரி

ஐதராபாத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் புவனகிரி என்னும் ஊர் உளது. (நம் சிதம்பரத்தை அடுத்த புவனகிரி வேறு, பெயர் ஒன்றாயினும் அங்கே குன்றில்லை.) தெலுங்கு மக்கள் பேச்சு வழக்கில் அதனைப் போங்கிர் என்பர். செகந்திராபாத்திலிருந்து காசிப்பேட்டை செல்லும் இரயிலில் ஏறினால், முட்டையைப் பக்கவாட்டில் கிடத்தியதுபோன்ற ஒற்றைப் பாறை, 500 அடி உயரத்திற்குக் குறையாமல், தூரத்திலேயே புலப்படும். மேலைச் சாளுக்கிய மன்னன் திரிபுவனமல்லன் ஆறாம் விக்கிரமாதித்தன் கட்டிய கோட்டை அதன் உச்சியில் உள்ளது. அவன் பெயராலேயே ஊர்ப்பெயரும் அமைந்தது என்பர்.

ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையன. இமயமோ அவற்றின் முன் நேற்றுப் பிறந்த குழந்தை. இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டின்மீது மோதத் தொடங்கி 5 கோடி ஆண்டுகளே ஆகின்றன. மழையும் வெயிலும் உரித்து உரித்து வழவழப்பாக்கிய தக்கணப் பாறையில், கைக்குப் பிடி தேடுவது எளிதன்று. விரல் நுனியளவு விளிம்பு கிடைத்தாற் பெரும்பேறு. ஆகவே பாறையேற்றம் பயில்வோர்க்குப் புவனகிரி நல்ல ஆசான். நகரம் பெருகப் பெருக ஐதராபாத்துப் பாறைகள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு வீட்டு மனைகளாயின. புவனகிரி கோட்டையைச் சுமந்திருந்ததனால் தப்பிற்று போலும்.

2013-ல் இப்பாறைக்குச் சில பள்ளிப் பிள்ளைகள் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் அரசின் சமூக நல உண்டுறை பள்ளிகளில் பயின்றவர்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள். இப்பள்ளிகளின் வரலாற்றை நாம் அறியவேண்டும். இவை தோன்றி வளர முன்னின்றவர்களுள் தலையாயவர் எஸ். ஆர். சங்கரன் என்னும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. தமிழ்நாட்டிற் பிறந்து ஆந்திரப் பிரதேசத்திற் பணியாற்றியவர், திருமணம் செய்யாதவர், ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழை மாணவர்க்கே ஈந்தவர். 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை ஏட்டிலிருந்து இறக்கி வயல்வரப்புக்குக் கொண்டு சென்றவர். 2005-ல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது அதனை ஏற்க மறுத்தார். 2010 அக்டோபர் 7-ல் ஐதராபாத்தில் மறைந்தார். தமிழர் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

2012-ல் அப்பள்ளிகளின் செயலாளராக வந்தவர் காவல்துறை அதிகாரி ஆர். எஸ். பிரவீண் குமார். அவரும் அவ்வகை விடுதிகளில் படித்து உயர்ந்தவரே. இப்பிள்ளைகளுக்குச் சோறும் பாடமும் மட்டும் போதா. தாம் யாருக்கும் தாழ்ந்தவரல்லர் என்னும் உணர்வு உடம்பிலும் ஊறவேண்டும் என்பது அவர் கொள்கை. மலையேற்ற ஆசான் சேகர் பாபுவின் பொறுப்பில் பாறைப் பயிற்சி தொடங்கியது.

பயிற்சி யாது என்பதைச் சற்று விரித்துரைப்போம். ஏனெனில் மலையேற்றம் என்றதும் துணிச்சல் ஒன்றையே பலர் நினைக்கின்றனர். இருகை இருகால் நான்கனுள் மூன்று எப்போதும் பாறையைப் பற்றியிருக்க, ஒன்றே நகரவேண்டும் என்பது முதற்பாடம். உடம்பின் பாரத்தைக் காலே தாங்கவேண்டும், கை சமநிலைக்கு மட்டுமே என்பது இரண்டாவது. இடுப்பில் வாரும் வாரில் கயிறும் பூட்டப்படும். ஏறுபவர் மேலே செல்லச் செல்ல, கீழே நிற்பவர் கயிற்றைத் தளர்த்தியும் இறுக்கியும் கொடுத்துக்கொண்டிருப்பார். மேலுள்ளவர் தவறினால் கீழுள்ளவர் கை அந்தக் கணமே கயிற்றை மடக்கிப் பிடிக்கவேண்டும். ஏறுவதை விடக் கயிறு பிடிப்பதற்கே மிகுந்த கவனம் வேண்டுமென்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இறங்கும் பாடம் கடைசியாக வரும். பாறையின் விளிம்பில் நின்று, வெட்டவெளியை முதுகுக்குப் பின்னே விட்டு, கயிற்றை நம்பிப் பின்னோக்கிச் சாயவேண்டும். முதன்முதலாகப் பாறையைக் கண்டபோது தாம் அஞ்சியதைப் பூர்ணாவே பின்னாளிற் கூறியுள்ளார்.

மாலாவத் பூர்ணா, நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகால என்னும் சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண்; உழவுக் கூலிகளின் மகள்; 2000 ஜூன் 10-ல் பிறந்தவர். அவருடன் இறுதிவரை தேர்வானவர் சாதனபள்ளி ஆனந்த் குமார், கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர். தந்தையார் மிதிவண்டி பழுது பார்ப்பவர். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் புவனகிரியில் தொடங்கினர், அவருட் சிலரே டார்ஜிலிங்குக்குச் சென்றனர், அதனினும் சிலர் லடாக்கின் குளிர்காலத்தைத் தாங்கினர், எஞ்சியவர் இருவர்.

டார்ஜிலிங்கும் பறங்கிமலையும்

டார்ஜிலிங்கில் அவர்கள் பயின்ற இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் 1954 நவம்பரில் தொடங்கப்பட்டது. களப் பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங் நோர்கே. 1953 மே 29-ல் எட்மண்டு ஹில்லாரியுடன் எவரெஸ்டுச் சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்தவர். ஷெர்ப்பா இனத்துப் பௌத்தர். சிகரத்தில் பனியைக் குழித்து இனிப்பும் பிஸ்கட்டும் காணிக்கையாக இட்டு வந்தார். ஆங்கிலேயரின் மலைப் படைகளுக்குச் சுமை தூக்கிப் பிழைக்க இளமையில் டார்ஜிலிங்குக்கு வந்தவரும் அவரே. சுமைகூலி ஆசிரியரான அந்தக் கூடத்தில்தான் கூலிகளின் மக்கள் மாணவராயினர்.

இவ்விடத்தில் ஒரு துணைச்செய்தி. எவரெஸ்டு என்னும் பெயருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. இம்மலையை அளந்த பெருங்கணிப்பு 1802 ஏப்ரலில் சென்னைப் பறங்கிமலை அருகே தொடங்கியது. தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியை ஆட்கள் தோளிலே சுமந்து மலைக்கு மலை நடந்தனர். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலேற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்துள் அமர்ந்து செப்பனிட்டார். 1818-ல் அவருக்கு உதவியாளராக ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தவரே ஜார்ஜ் எவரெஸ்டு. அம்மலையை எவரெஸ்டு ஏறியதுமில்லை; அளந்ததுமில்லை. அவர் ஓய்வு பெற்றபின், 1852-ல், இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளிக் கணக்கரே அதுவே உலகில் உயர்ந்ததெனக் கணக்கிட்டறிந்தார் என்று வழங்குகிறது. பெயரோ மேலதிகாரிக்குப் போயிற்று. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்றே அழைத்துவந்தனர், இன்றும் அழைக்கின்றனர். கோணமானியைச் சுமந்தவர்களின் பெயர்களோ மலைக்கும் இடப்படவில்லை, ஏட்டிலும் காணோம்.

ஏற்றம்

நேபாளம் 16 வயது நிரம்பாதவர்க்கு எவரெஸ்டு ஏற அனுமதி தருவதில்லை. ஆகவே 2014 ஏப்ரலில் பூர்ணாவும் ஆனந்தும் அடங்கிய குழு திபெத்து வழியே வடக்கு முகத்தை நாடிச் சென்றது. அவ்வழியில், அடிவாரத்துக்குச் சற்று முன்னே, ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் ரோங்புக் என்னும் பௌத்த மடாலயம் உளது. 1902-ல் தோன்றியது, சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அழிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. 1920-களில் வந்த ஆங்கிலேயக் குழுக்களும் அதன் தலைமை லாமாவின் வாழ்த்தைப் பெற்றே மலையேறின.

இம்மலையில் ஏறுதல் என்பது நேரே மேலே செல்லுவதன்று. ஏறிச்சென்று, இறங்கிவந்து, உறங்கி, மறுபடி ஏறவேண்டும். காரணம் காற்று. காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால் உயரம் மிகமிகக் காற்றழுத்தம் குறைகின்றது. அடிவார முகாமில் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் ஏறத்தாழ பாதி. சிகரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சென்னையிலிருந்து ஒருவரைத் தூக்கி அச்சிகரத்தில் திடீரென்று வைத்தால் சில நிமிடங்களில் நினைவிழப்பார். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழக்கினால் உடம்பு மூச்சை விரைவாக்கி, செங்குருதி அணுக்களைப் பெருக்கி, ஓரளவு இணங்கிக்கொள்ளும். 8,000 மீட்டருக்கு மேல் அந்த இணக்கமும் இல்லை. அங்கே உடம்பு நாழிகைதோறும் தேய்கின்றது. அடைத்த உயிர்வளிக் குழலின் துணையோடு சென்று விரைந்து திரும்பவேண்டும்.

வடக்கு வழியில் 6,400 மீட்டரில் முன்னணி முகாம். 7,000 மீட்டரில் வடகணவாய். 8,300 மீட்டரில் இறுதி முகாம். அதன்மேல் கூரிய முகட்டில் மூன்று பாறைப் படிகள். இரண்டாம் படி செங்குத்தானது. 1975-ல் சீனக் குழுவினர் அங்கே ஓர் ஏணியைப் பிணைத்தனர். இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், பனிமுள் கட்டிய காலணியோடு பாறையில் கால்வைத்து ஏறவேண்டிய இடம் அது. புவனகிரியில் விரல் நுனியால் விளிம்பு தேடிய பழக்கம் பயன்பட்டிருக்கவேண்டிய இடமும் அதுவே. அம்மலையில் இறந்தவர்களைக் கீழே கொணர்தல் பெரும்பாலும் இயலாது; உடல்கள் வழியோரத்தில் உறைந்து கிடக்கும். அவற்றைக் கடந்து சென்றதாகப் பூர்ணா கூறியிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளை காணத்தக்க காட்சியா அது? இவ்வினாவுக்குப் பின்னர் வருவோம்.

52 நாட் பயணத்தின் முடிவில், 2014 மே 25 காலை, பூர்ணா சிகரத்தை எய்தினார். அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். எவரெஸ்டு ஏறிய பெண்களுள் அவரினும் இளையவர் அதுவரை இலர். ஆனந்தும் அதே காலையில் ஏறினார். தேசக் கொடியோடு டாக்டர் அம்பேத்கரின் படத்தையும் எஸ். ஆர். சங்கரனின் படத்தையும் அங்கே உயர்த்திக் காட்டினர். 80 ஆண்டுகளுக்கு முன் தௌலதாபாத்துக் குன்றில் காவலனோடு ஏற நேர்ந்தவரின் படம் அது. உயர முகாம்களில் குளமும் இல்லை, கிணறும் இல்லை. பனியை வெட்டி அடுப்பிலேற்றி உருக்கியே அனைவரும் குடிக்கவேண்டும்.

அவர்கள் இறங்கித் திரும்பும் நாட்களிலேயே, ஜூன் 2-ல், தெலங்கானம் தனி மாநிலமாயிற்று. ஒரு மாநிலத்தினராகப் புறப்பட்டு வேறு மாநிலத்தினராக வீடு திரும்பினர்.

யார் சுமந்தது?

புகழ்ச்சியோடு நின்றுவிட்டால் பாடம் பாதியே ஆகும். அவர்கள் வடக்கு முகத்தில் இருந்த அதே பருவத்தில், ஏப்ரல் 18 காலை, தெற்கு முகத்தின் கும்புப் பனியருவியில் பெரும் பனிப்பாளம் சரிந்து 16 பேர் மாண்டனர். அனைவரும் நேபாளத் தொழிலாளர், பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். அயல்நாட்டார் ஏறுவதற்குக் கயிறும் ஏணியும் உணவும் உயிர்வளிக் குழலும் மேலே கொண்டு சேர்க்கும் பணியில் இருந்தவர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு நேபாள அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். அரசுக்கு அம்மலையினால் வரும் அனுமதிக் கட்டணமோ கோடிக்கணக்கு. ஷெர்ப்பாக்கள் பொறுக்கவில்லை, அவ்வாண்டு தெற்கு முகத்தில் சுமை தூக்கமாட்டோமென நின்றனர். பருவம் ஏறக்குறைய முழுதும் நின்றுபோயிற்று. காப்பீட்டுத் தொகை பின்னர் உயர்த்தப்பட்டது.

ஐதராபாத்துக் குழுவும் ஷெர்ப்பாக்களின் துணையோடுதான் ஏறியது. பெரிய மலையேற்றங்களில் அத்துணையின்றி முடிந்தவை மிகச் சிலவே. எனவே இச்செய்தியை நம் சங்கங்களில் எடுத்துரைக்கும்போது பூர்ணாவின் பெயருக்கும் ஆனந்தின் பெயருக்கும் பக்கத்தில் அவர்தம் மூட்டையைச் சுமந்தவர்களையும் சேர்த்தே கூறவேண்டும். சுமப்பவரை மறக்கும் வழக்கத்தால் இழந்தவர் நாம்; அதனைப் பிறர்க்குச் செய்தல் நமக்கு அழகன்று.

இனி, முன்னே வைத்த வினா. இத்துணை இளம் பிள்ளைகளைச் சாவின் விளிம்புக்கு அனுப்பலாமா என்று அக்காலத்திலேயே பலர் கேட்டனர். அரசுப் பணத்தை இருவர்க்கே இவ்வளவு செலவிடுவது முறையா என்றும் கேட்டனர். முதல் வினா நேர்மையானது. 2010-ல் அமெரிக்கச் சிறுவன் ஜார்டன் ரோமேரோ 13 வயது 10 மாதத்தில் இதே வடக்கு வழியில் ஏறியபோதும் மருத்துவர் பலர் கண்டித்தனர். வளரும் மூளையும் நுரையீரலும் அவ்வுயரத்தில் என்னாகும் என்பது முற்றும் ஆராயப்படாதது. நம் வீட்டுப் பிள்ளையை அந்த வயதில் அனுப்புவோமா என்றால், இப்பாட ஆசிரியன் அனுப்பமாட்டான். 18 வயது வரை பொறு என்றே சொல்வான்.

இரண்டாம் வினாவில் நேர்மை குறைவு. ரோமேரோ பெற்றோரோடு சென்றான். குடும்பத்துக்குப் பொருள்வசதி இருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை ஏறினால் சாதனை, கூலி வீட்டுப் பிள்ளை ஏறினால் வீண்செலவு என்னும் கணக்கை நாம் ஒப்பவியலாது. அதற்காக எவரெஸ்டே அப்பள்ளிகளின் பயன் என்று கருதுவதும் பிழை. தெலங்கானத்தில் மட்டும் அவ்வகைப் பள்ளிகள் இருநூற்றுக்கு மேற்பட்டன வளர்ந்தன. அவற்றிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியற் கல்லூரிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்ற பிள்ளைகள் பலர். செய்தித்தாள் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை, அவ்வளவே.

பூர்ணா அந்த ஒரு சிகரத்தோடு நின்றாரில்லை. 2016-ல் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ, 2017-ல் ஐரோப்பாவின் எல்பிரஸ், 2019-ல் தென்னமெரிக்காவின் அக்கோன்காகுவாவும் ஓசியானியாவின் கார்ஸ்டென்ஸ் சிகரமும், அவ்வாண்டு டிசம்பரிலேயே அண்டார்ட்டிகாவின் வின்சன், 2022 ஜூன் 5-ல் வடஅமெரிக்காவின் தெனாலி. இவ்வாறு ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்தார். தெனாலியில் ஷெர்ப்பாக் கூலிகள் இலர். ஏறுபவர் தம் மூட்டையைத் தாமே முதுகிலும் பனிச்சறுக்குப் பலகையிலும் இழுத்துச் செல்லவேண்டும்.

செகந்திராபாத்துத் தமிழன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரயிலேறினால் வெயில் ஏறுமுன் புவனகிரிப் பாறையைச் சேரலாம். கோட்டைக்குப் படிகள் உள்ளன. குழந்தைகளும் முதியோரும் நின்று நின்று ஏறலாம். கயிற்றேற்றம் விரும்புவோர் பயிற்றுநர் இன்றி முயலவேண்டா. தொப்பியும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் மறவாதீர்கள். தக்கணப் பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும்.